தேய்த்துவிட்ட எழுத்து

என் வீட்டுப் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பேட்டரி சார்ஜரின் மைனஸ் வயரைத் துருப்பிடித்த ஸ்பேனரிலும் பிளஸ் வயரை வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் உரசாமல் இறக்கி வைப்பேன். ராத்திரி முழுக்க நுரைக்கும். காலையில் துரு கறுத்துப்போய், பழைய பல் பிரஷுக்கே உதிரும். இரும்பு அப்படியே இருக்கும். வினிகருக்கு அந்த நிதானம் கிடையாது. இரண்டு நாள் மறந்தால் அம்மைத் தழும்புதான். (தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் வாளித் தண்ணீரை விஷமாக்கிவிடும்.)

இத்தனை பொறுமையான வழி கைவசம் இருந்தும் ஒரு பெட்டிக்கு மட்டும் நான் கிரைண்டரை எடுத்தேன்.

பம்பாய்க்கு அடுத்த துர்பே பக்கம் ஒரு ஃபாக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்று நெருளில் இருக்கிறேன். பழைய கைக்கருவிகள் சேர்க்கும் கிறுக்கு அதற்கப்புறம் பிடித்தது. ஹார்பர் லைனில் ஏறி ரே ரோட்டில் இறங்கினால் தாருகானா, உடைத்த கப்பல்களின் இரும்பு வந்து குவிகிற இடம். வெள்ளிக்கிழமை என்றால் சோர் பஜார். ஊரில் காயலான் கடை என்போம், இங்கே பங்கார். ஸ்பேனர் என்று கேட்டால் புதுசைக் காட்டுவார்கள். 'பானா' என்று கேட்டால் கோணிச் சாக்கைக் கொட்டுவார்கள்.

இனம் கண்டுபிடிப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. 'கால் டபிள்யூ' என்று அடித்த பானாவின் வாய் கால் அங்குலம் இருக்காது, 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அந்த எண் போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலைக்கு அல்ல. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரையின் கணக்கு அது. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், 13 நம்பர் பானா உள்ளே போகாது, 14 நம்பர் போட்டால் நட்டின் மூலை மழுங்கும். 'ஜி.ஐ.பி.ஆர்.' என்று எழுத்திருந்தால் அது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் சரக்கு. 1951 நவம்பர் 5 அன்று அந்தப் பெயரே மத்திய ரயில்வேக்குள் கரைந்துவிட்டது. எனவே சாமான் அதற்கு முந்தியது. (அப்படி ஒன்றை வைத்திருப்பவன் 1966ஆம் வருஷத்து ரயில்வே சொத்துச் சட்டத்தைப் படிக்காமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது. நான் படித்துவிட்டேன்.)

தாராவியில் ஒரு வீட்டில் பழைய மெக்கானிக் பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அந்த மெக்கானிக் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், லாரியும் டாக்ஸியும் பார்த்தவர். நானும் அந்தப் பக்கம்தான். பம்பாய்க்கு வந்து மழுங்கிப்போன ஊர்ப்பேச்சை அன்று வேண்டுமென்றே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மூடியைத் திறந்ததுமே கண்ணில் பட்டது பர்மிங்ஹாமின் கிங் டிக் கம்பெனி பானா. அடியில் விட்வொர்த் பானாக்கள் வரிசையாக. ஓரத்தில் சின்னதாக ஒரு ஜி.ஐ.பி.ஆர். வாய் உலர்ந்துவிட்டது. முகத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டேன்.

"யக்கா, இதெல்லாம் அங்குல சைசு. இப்ப வார எந்த வண்டிக்கும் சேராது. துரு வேற ஏறிக் கெடக்கு. எடைக்கு வேணா எடுத்துக்கிடுதேன்."

"நீங்க பாத்து என்ன குடுத்தாலும் சரி அண்ணாச்சி. ஒத்த ரூம்ல எடத்த அடைச்சிட்டுக் கெடக்கு."

பதினொரு கிலோ. கிலோ நாற்பது ரூபாய் என்று 440 கொடுத்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ரயிலில் வரும்போது நினைத்து நினைத்து ரசித்தேன், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு.

வீட்டில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோதுதான் பார்த்தேன். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும், கம்பெனிப் பேருக்குப் பக்கத்திலேயே, சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்திய ஓர் எழுத்து: 'மு'. ஒர்க்‌ஷாப்பில் சாமான் மாறிவிடாமல் இருக்கப் போடுகிற அடையாளம். கிங் டிக்கில் இருந்த 'மு'வின் சுழி கொஞ்சம் கோணல். சுத்தியல் நழுவியிருக்க வேண்டும்.

சேகரிப்பவனுக்கு அது பழுது. கம்பெனி எழுத்து சுத்தமாக, மேலே வேறு கீறல் இல்லாமல் இருந்தால்தான் நாலு பேரிடம் காட்டலாம். வாளியில் இறக்கினால் துரு போகும், குத்திய புள்ளி போகாது. அதனால் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க்கை மாட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதினெட்டு உருப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிபோல ஆனது. நெருளின் கடற்கழி ஈரத்தில் சாயங்காலத்துக்குள்ளேயே மெல்லிசாகச் செம்மை படர்ந்தது. தையல் மெஷின் எண்ணெயைப் பூசி வைத்தேன்.

என் அம்மாவின் எவர்சில்வர் தூக்கில் 'கோ' என்று வெட்டியிருக்கும். பாத்திரக் கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து டொக் டொக்கென்று வெட்டியது. அதை எவனாவது தேய்த்து வழித்தால் நான் அவன் கையைப் பிடித்திருப்பேன். கிரைண்டர் ஓடிய மத்தியானம் முழுக்க அந்தத் தூக்கு அடுக்களையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஞாபகம் வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூனில், பெட்டியைக் கொடுத்த அந்த அம்மா போன் செய்தார். பேரன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருக்கிறான், தாத்தா பேர் போட்ட பானா ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்கிறான், பங்காருக்குப் போகாமல் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்டார். எல்லாம் அப்போதே உருக்கப் போய்விட்டது என்றேன். இந்த முறை முழுப் பொய். மறுநாள் ஒரு புது டபாரியா செட் வாங்கிக்கொண்டு போனேன், மெட்ரிக் அளவு, பிளாஸ்டிக் உறையோடு. அந்த அம்மா அழுதுவிட்டார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். "ஊர்க்காரங்கன்னா ஊர்க்காரங்கதான்" என்றார். பையன் குனிந்து என் காலைத் தொட்டான்.

காப்பியைக் குடித்தேன்.

பதினெட்டு என்று சொன்னேன். பெட்டியில் இருந்தது பத்தொன்பது. அந்தச் சின்ன ஜி.ஐ.பி.ஆர். பானாவில் ரயில்வே எழுத்துக்கு மேலேயே 'மு' ஏறி உட்கார்ந்திருந்ததால், ஒன்றைத் தேய்த்தால் மற்றதும் போய்விடும் என்று விட்டுவைத்தேன். அது மேஜை டிராயரில், எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. பையனிடம் கொடுத்திருக்கலாம், சட்டைப் பையில் அடங்குகிற சாமான். அதுபோல இன்னொன்று எனக்குக் கிடைக்காது. அதனால்தான் கொடுக்கவில்லை.