எழும்பிப் பேச முதல்

பேத்தி சட்டம் படித்து முடித்துப் பாரிஸ்டர் பயிற்சிக்குப் போகிறாள் என்றதும், தொண்ணூறைத் தொடும் என் மச்சாள் சொன்னா: "அப்ப எங்கட குடும்பத்திலையும் ஒரு அப்புக்காத்து!"

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம்! நாங்கள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நாட்களில் வழக்கு என்றால் இரண்டு பேர் வேண்டும். உறுதி, மனு, கடதாசி வேலைக்குப் பிறக்கிராசி. கோட்டில் எழும்பி வாதாட அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கிவிட்டது. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. சொலிசிட்டர் வழக்கைத் தயார்ப்படுத்துவார், பாரிஸ்டர் எழும்பிப் பேசுவார். பேத்தி பிடித்தது பேசுகிற பக்கத்தை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் ஓய்ந்ததில்லை. பொருத்தமான தொழில்தான் என்று நினைத்தோம்.

பட்டம் கையில் வந்தால் பாதை முடிந்தது என்று நினைத்தது எங்கள் அறியாமை. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று லண்டனில் நான்கு பழைய சங்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்றில் சேராமல் எவரும் பாரிஸ்டர் ஆக முடியாது. முன்பு அங்கே கணக்குப்படி விருந்து சாப்பிட்டாக வேண்டும். இப்போது விருந்து, விரிவுரை, வாதாடும் பயிற்சி எல்லாம் சேர்த்துப் பத்து அமர்வுகள். கூடவே பார் கோர்ஸ் என்கிற ஒரு வருடப் படிப்பு. அதற்குக் கட்டிய காசில் ஊரில் ஒரு காணி வாங்கியிருக்கலாம். எல்லாம் முடிந்து, சங்கத்து மண்டபத்தில் பெயர் சொல்லி அழைத்துப் பாரிஸ்டர் ஆக்கினார்கள். கறுப்பு அங்கியோடு படம் எடுத்தோம். மச்சாள் கேக் வெட்டினா.

அதற்குப் பிறகுதான் விஷயம் விளங்கியது. பாரிஸ்டர் என்ற பெயர் உண்டு, வழக்குப் பேசுகிற உரிமை இல்லை. சேம்பர்ஸ் எனப்படும் வழக்கறிஞர் கூடம் ஒன்றில், மூத்தவர் ஒருவருக்குக் கீழே ஒரு வருடம் பழக வேண்டும். அதைப் பியூப்பிலேஜ் என்கிறார்கள். படித்து வருகிறவர்கள் ஏராளம், இடங்கள் கொஞ்சம். படிப்பு முடிந்து ஐந்து வருடத்துக்குள் இடம் பிடிக்க வேண்டும் என்று கெடுவும் உண்டு. பேத்திக்கு முதல் வருடம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடமும் இல்லை. இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றில் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் முறை கிடைத்தது.

கிடைத்த சந்தோஷம் இரண்டு கிழமைதான். ஒரு இரவு தொலைபேசியில் குமுறினாள். "அம்மப்பா, முதல் ஆறு மாதமும் வாயே திறக்கேலாது. அவருக்குப் பின்னால போறது, பின்னால இருக்கிறது, குறிப்பு எழுதுறது. இதுக்கோ இவ்வளவும் படிச்சனான்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது.

இருபத்தாறு வருடம் லண்டனில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். அகதி விசாரணை ஒன்றில் வயதான தாய் ஒருவர், மகனைப் பற்றிக் கேட்டபோது, "அவன் போட்டான்" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் அது "போய்விட்டான்" என்பது. வெளியே போனவனையும் அப்படிச் சொல்வோம், செத்தவரையும் அப்படிச் சொல்வோம். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, நான் யோசிக்காமல் "இறந்துவிட்டான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மகன் காணாமல் போனான் என்று அவர் முன்னரே எழுத்தில் கொடுத்திருந்தார். பேச்சு ஒன்று எழுத்து ஒன்று என்று வந்தால், அந்த அறையில் அதற்குப் பெயர் பொய்.

வாதாடிக்கொண்டிருந்த பாரிஸ்டர் கவனிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வாய் திறக்காமல் குறிப்பெழுதிக்கொண்டு இருந்தாள் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பியூப்பில். தமிழ் ஒரு சொல் தெரியாதவள். கையிலிருந்த வாக்குமூலத்தையும் என் வாயிலிருந்து வந்ததையும் ஒத்துப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியை முன்னால் நீட்டினாள். பாரிஸ்டர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். என் பிழையை நானே எழும்பிச் சொல்லித் திருத்தினேன். அன்று அந்த அறையில் பேசத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். அந்தத் தாயைக் காப்பாற்றியது பேச அனுமதி இல்லாத ஒருத்தியின் காது.

இதைச் சொல்லிவிட்டு, காந்தியின் கதையையும் பேத்திக்குச் சொன்னேன். அவர் இன்னர் டெம்பிள் ஆள். விருந்தில் நாலு பேருக்கு இரண்டு போத்தல் வைன் வைப்பார்களாம். குடிக்காத காந்தி தங்கள் மேசையில் இருந்தால் மற்ற மூவருக்கும் லாபம் என்று அவருக்கு ஏகக் கிராக்கி. 1891 ஜூன் 10ஆம் திகதி பாரிஸ்டர் ஆனார், 12ஆம் திகதி கப்பலேறினார். இப்படி ஒருவருக்குப் பின்னால் இருந்து பழகியாக வேண்டும் என்ற கட்டாயம் அன்று இல்லை. பம்பாயில் சின்ன வழக்கொன்று, முப்பது ரூபா கட்டணம். குறுக்கு விசாரணைக்கு எழும்பியவருக்குத் தலை சுற்றியது, கேள்வி ஒன்றும் வரவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிறகு 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார், தாதா அப்துல்லாவின் வழக்குக்காக. முழுவதும் வியாபாரக் கணக்கு. 'பி நோட்' என்றால் கடன் பத்திரம் என்பதுகூட அவருக்கு ஒரு குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. கணக்கெழுதும் புத்தகம் வாங்கிப் படித்தார். கட்சிக்காரரின் வழக்கைக் கட்சிக்காரரை விட நன்றாகத் தெரிந்துகொண்டார். கடைசியில் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தினார். பம்பாயில் வராத குரல் அந்தக் கணக்குப் புத்தகங்களுக்குள் இருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

நமக்காகப் பேசுவது வாய் இருக்கிற எவருக்கும் முடியும். இன்னொருவருக்காகப் பேச வேண்டும் என்றால், அவர் சொல் நமக்குள் முழுதாக இறங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். சட்டத்துக்கு மட்டுமில்லை இது. பிள்ளைகளுக்காகப் பேசுகிறோம் என்று பேசும் பெற்றோருக்கும், ஊருக்காகப் பேசுகிறோம் என்று மேடை ஏறுகிறவர்களுக்கும் அந்த ஆறு மாத மௌனத்தை விதித்தால் நல்லது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "போட்டான்" என்ற சொல்லை நான் அன்று ஒரு கேள்வி கேட்டுத் தெளிந்திருக்கலாம்.

பேத்தி சமாதானமானாளோ தெரியாது. ஆனால் ஆறு மாதம் இருந்தாள். இரண்டாம் ஆறு மாதம் தொடங்கியதும் தனி வழக்கு வந்தது. காவலில் வைத்திருந்த ஒரு பெடியனுக்குப் பிணை கேட்க வேண்டும். அன்று பின்னேரம் எடுத்தாள்.

"பிணை குடுக்கேல்லை அம்மப்பா."

"நீ என்ன பிள்ளை செய்தனீ?"

"அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு விளங்கேல்லை. திரும்பத் திரும்பக் கேட்டனான். விளங்கின பிறகுதான் எழும்பினனான்."

அந்தப் பெடியனுக்கு அடுத்த தவணை எப்போது என்று கேட்டேன். கொப்பியைப் புரட்டுகிற சத்தம் கேட்கவில்லை. கேட்ட கணமே திகதியைச் சொன்னாள்.