எங்களைக் கவர்ந்த ‘13’

பென்னலூரிலிருந்து பள்ளிக்கு வரும் அக்காள் தங்கையர் நாங்கள். எங்களுக்குப் பிடித்த இசை எதுவென்று கேட்போர் ஏதேனும் ஒரு திரைப்படப் பாடலை எதிர்பார்ப்பர். ‘ஹெவி மெட்டல்’ என்றதும் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும்! மலரில் எங்களுக்குக் கிடைத்த இடத்தை, ‘பிளாக் சாபத்’ என்ற ஆங்கிலேயக் குழு 2013 ஜூன் மாதம் வெளியிட்ட ‘13’ என்னும் ஆல்பத்துக்கே தருகிறோம். அது வெளிவந்தபோது எங்களில் இளையவள் நடை பழகிக்கொண்டிருந்தாள். அண்மையில்தான் கேட்டோம், கேட்டபின் விட முடியவில்லை.

1968இல் இக்குழுவைத் தொடங்கிய நால்வரும் பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். பர்மிங்காம் என்றால் நம் இருங்காட்டுக்கோட்டையையும் ஒரகடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு, தகடு, மோட்டார் வண்டி, ஷிப்டு என்று வாழ்ந்த ஊர் அது. கிதார் கலைஞர் டோனி ஐயோமியும் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராக இருந்தவர்தாம். பதினேழு வயதில், இசைக்குழுவோடு வெளிநாடு செல்லும் ஆசையில் வேலையை விட்டார். கடைசி நாள். மதிய உணவுக்கு வீட்டுக்கு வந்தவர், “இனி போகமாட்டேன்” என்றார். “எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா” என்று தாயார் அனுப்பிவைத்தார். அன்று பிரஸ் மெஷினில் வேலை செய்பவர் வரவில்லை. பழக்கமில்லாத ஐயோமியை அதில் நிறுத்தினர். வலக்கையின் நடு இரண்டு விரல்களின் நுனிகள் போயின. அவரோ இடக்கைப் பழக்கமுள்ளவர். கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான்.

இதைப் படித்த அன்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சித்தப்பாவுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. தெருவில் கேரம் ஆட்டத்தில் அவரை வெல்ல ஆள் கிடையாது. இப்போது போர்டு பரணில் இருக்கிறது. நம் பள்ளியிலும் எத்தனையோ பேர் வீட்டில் இத்தகைய கைகள் உண்டு என்பது தோழியருக்குத் தெரியும்.

ஐயோமிக்கு ஃபோர்மேன் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் கிதாரில் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு அது. பிறகு ஐயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் சுருதியையும் இறக்கினார். உலகம் ‘ஹெவி’ என்று சொல்லும் அந்தக் கனத்த நாதத்துக்கு அடிபட்ட அந்தக் கையும் ஒரு காரணம்!

இனி ஆல்பத்துக்கு வருவோம். பாடகர் ஆஸி ஆஸ்போர்னுடன் இக்குழு முழு ஆல்பம் செய்தது அதற்கு முன் 1978இல்தான். 2011 நவம்பர் 11ஆம் நாள் மீண்டும் இணைவதாக அறிவித்தனர். இரண்டே மாதத்தில் ஐயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கிடையேதான் இந்த மெட்டுகள் பிறந்தன. ஒப்பந்தத் தகராறால் டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் சேரவில்லை. வந்த பிராட் வில்க் குறையின்றி வாசித்தாலும், வார்டின் துள்ளல் இல்லையே என்று எங்களுக்குக் குறைதான். ‘ஸைட்கைஸ்ட்’ என்ற மென்மையான பாட்டை அம்மாவும் கேட்பார். ‘டேமேஜ்டு சோல்’ பாட்டில் ஆஸி மவுத் ஆர்கன் வாசிப்பது எங்களுக்கு மிகவும் விருப்பம். ஆல்பத்தின் இறுதியில் மழை, இடி, மணியோசை. 1970 பிப்ரவரி 13இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் தொடங்குவதும் அதே ஓசைகளோடுதான்!

‘காட் இஸ் டெட்?’ என்ற பாட்டின் பெயரைக் கேட்டதும் சிஸ்டர் திடுக்கிட்டார். கேள்விக்குறியைக் கவனிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொண்டோம். அதன் வரிகளை எழுதிய கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். மனத்துக்குள் ஓயாமல் ஒலிக்கும் குரல்களோடு ஒருவன் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் போராடி, கடவுள் இறந்தார் என்பதை நான் நம்பவில்லை என்று முடிக்கிறான். சிஸ்டர் முழுவதும் கேட்டார். “சத்தம் அதிகம், ஆனால் பொய் இல்லை” என்றார். 2014இல் அந்தப் பாட்டுக்கு கிராமி விருது கிடைத்ததைவிட எங்களுக்கு இது பெரிது.

இங்கிலாந்தில் ‘13’ முதலிடம் பிடித்தது. அதற்குமுன் அவர்கள் அங்கு முதலிடம் பிடித்தது 1970இல். 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் வார்டும் சேர்ந்து நால்வராய் இறுதியாக வாசித்தனர். ஆஸி உட்கார்ந்தபடியே பாடினார். அம்மாதம் 22ஆம் நாள் காலமானார்.

சித்தப்பாவுக்கும் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினோம். “ஷாப் ஃப்ளோர் சத்தத்தை வீட்டிலும் கேட்கணுமா?” என்று எழுந்துவிட்டார். ஆனால் அந்த விரல் உறையை எந்த பிளாஸ்டிக்கில் செய்தார், தோலை எதை வைத்து ஒட்டினார் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.