ஐந்து வெள்ளி மரத்தடியில்

சிங்கப்பூர்ப் பூமலைக்குப் போகிறவர்கள் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. 1859ல் தோட்டம் அமையும் முன்பே அங்கு நின்ற மரம். அதன் தாழ்ந்த கிளைக்கு முட்டுக் கொடுத்திருப்பதையும், வேர்மண் மிதிபட்டு இறுகாதபடி வேலி போட்டிருப்பதையும் கவனியுங்கள். மரப் பராமரிப்பு நிபுணர்களின் அக்கறை அதில் தெரியும்.

அலுவலக வேலையை விட்டு, நடுவயதில் இத்தொழிலுக்கு வர ஆசைப்படுவோர் உண்டு. கயிற்றில் ஏறிக் கிளை வெட்டுவது மட்டுமே வேலையன்று. அடிமரத்தைச் சுத்தியலால் தட்டி, உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று ஓசையில் அறிய வேண்டும். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அனைத்துலகச் சான்றிதழ்த் தேர்வு எழுதவே பொதுவாக மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள். நாற்பது வயதில் மறுபடியும் கற்றுக்குட்டி ஆகவேண்டும்.

அதைவிடக் கனமானது பொறுப்பு. 2017 பிப்ரவரியில் இதே பூமலையில் 270 வயதைக் கடந்த இன்னொரு தெம்புசு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். முந்தைய செப்டம்பரில் சோதித்தபோது அந்த மரம் நலமாகவே தெரிந்தது.

வேலை மாறும் எண்ணம் இருந்தால், ஒரு காலைப்பொழுது அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து வாருங்கள். மரத்தைப் பார்த்தது போதும் என்றானதும், அதன் நிழலில் விளையாடும் பிள்ளைகளையும் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.