குளியலறைக் காட்சி யாருடையது?

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) பற்றி நாம் பேசத் தொடங்கினால் பேச்சு ஹிட்ச்காக்கோடு முடிந்துவிடுகிறது. ஓர் இயக்குநரின் பெயர் எத்தனை பேரை விழுங்கும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

ராபர்ட் பிளாக் 1959இல் எழுதிய நாவல் அது. வாங்குபவர் யாரென்று தெரிவிக்கப்படாமலே, பத்தாயிரம் டாலரை எட்டாத தொகைக்கு அவரிடமிருந்து உரிமை பெறப்பட்டது. பாரமவுண்ட் நிறுவனம் கதையை விரும்பவில்லை. ஹிட்ச்காக் தன் சொந்தப் பணத்தில், கறுப்பு வெள்ளையில், சுமார் 8 லட்சம் டாலர் செலவில் முடிக்க எண்ணித் தம் தொலைக்காட்சித் தொடரின் குழுவையே அழைத்துக்கொண்டார். ஒளிப்பதிவாளர் ஜான் எல். ரஸ்ஸல் அங்கிருந்து வந்தவர்தான். திரைக்கதை ஜோசப் ஸ்டெஃபானோ.

குளியலறைக் காட்சிக்கு வருவோம். திரையில் ஒரு நிமிடத்தைத் தொடாத அந்தக் கொலையைப் படமாக்க ஏழு நாட்கள் பிடித்தன. கத்தியோடு வரும் உருவம் ஆந்தனி பெர்க்கின்ஸ் அல்ல. அவர் அப்போது நாடக ஒத்திகைக்காக நியூயார்க்கில் இருந்தார். அது மார்கோ எப்பர் என்ற சண்டைக் கலைஞர். ஜேனட் லீக்குப் பதிலாகச் சில துண்டுகளில் நின்றவர் மார்லி ரென்ஃப்ரோ. வடிகாலில் சுழன்று இறங்கும் இரத்தம் சாக்லேட் பாகு. தாயின் குரலோ மூவருடையது: வர்ஜீனியா கிரெக், ஜெனட் நோலன், பால் ஜாஸ்மின் என்ற ஓர் ஆண். இவர்களில் எவர் பெயரும் எழுத்துவரிசையில் இல்லை.

பெயர் இருந்தும் வழக்காடியவர் சால் பாஸ். முகப்பு எழுத்துகளை வடிவமைத்ததோடு இந்தக் காட்சியைத் துண்டு துண்டாக வரைந்தும் தந்தவர். பின்னாளில், அதை இயக்கியதே தாம்தான் என்றார். ஜேனட் லீயும் உதவி இயக்குநர் ஹில்டன் கிரீனும் அதை உறுதியாக மறுத்தார்கள். அவருடைய கோட்டுச் சித்திரங்களைப் பார்க்கும்போது அவர் மனக்குறையை எங்களால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் வரைவது வேறு, ஒரு நடிகையை நீரின் கீழ் நாள்கணக்கில் நிற்கவைத்து அச்சத்தை வாங்குவது வேறு.

எங்கள் வாக்கு வேறு இருவருக்கு. ஒருமுறை நண்பர்கள் சேர்ந்து இக்காட்சியை ஒலியை முழுக்க அடக்கிவிட்டுப் பார்த்தோம். ஜார்ஜ் டொமாசினியின் படத்தொகுப்பு அப்போதுதான் தனியே துலங்கியது: கத்தி, நீர், கை, வாய் என்று எதுவும் கண்ணில் தங்குவதற்குள் வெட்டு விழுகிறது, உடலில் கத்தி இறங்கியதாக நாம் நம்புவது பெரும்பாலும் அந்த வேகத்தினால். வியந்தோம், ஆனால் அஞ்சவில்லை. பிறகு ஒலியைக் கூட்டினோம். பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கிறீச்சிட்டன. அறையில் ஒருவர் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேளாமல், தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு எழுதிக் காட்டினார். கேட்டபின் இயக்குநர் ஒப்புக்கொண்டார். (தவறென்று உணர்ந்ததும் விட்டுக்கொடுக்கும் அந்தக் குணத்தையும் இயக்கம் என்றே சொல்லவேண்டும்.)

ஆஸ்கர் விருதுக்கு நான்கு பிரிவுகளில் படம் பரிந்துரைக்கப்பட்டது. இசையும் படத்தொகுப்பும் அவற்றில் இல்லை. டொமாசினி 1964இல் காலமானார். 1966இல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்திற்கு ஹெர்மன் மீண்டும் சொன்னதைக் கேளாமல் இசை எழுதினார். இம்முறை ஹிட்ச்காக் ஏற்கவில்லை. அத்துடன் இருவரும் சேர்ந்து பணியாற்றுவது நின்றது.