ஆஞ்சான் கயிறு

"புள்ள, கயிறு பாத்தியா?"

சோளகக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் அஸர் தொழுகைக்குப் பிறகு தவறாமல் கேட்கும் கேள்வி இது. கற்பிட்டியில் களப்போரமாக எங்கள் வீடு. வாப்பாவிடம் பாய் கட்டி ஓடும் வள்ளம் ஒன்று இருந்தது. அவர் வாங்கும்போதே அது பழையது. "பலகையைவிட இதில கலப்பத்துத்தான் கூட" என்று உம்மா கேலி செய்வார்.

கலப்பத்து வருடத்தில் ஒரு வேலை. கயிறோ தினசரி வேலை. பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் இருந்தன. பாயின் கீழ்மூலையில் கட்டி, காற்றுக்கேற்ப இழுத்தும் விட்டும் பிடிப்பது தாமான். பாய் கட்டிய பருமலை மேலே ஏற்றுவது ஆஞ்சான். இந்த ஆஞ்சான் மரத்தின் உச்சியிலுள்ள கப்பிக்குள்ளால் ஓடும். பாய் விரிந்திருக்கும் நேரமெல்லாம் கயிற்றின் ஒரே இடம் அந்தக் கப்பியில் மடிந்து பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த இடம்தான் முதலில் சாகும் என்பார் வாப்பா. அதனால் இடைக்கிடை நுனியில் ஒரு முழம் வெட்டி விடுவார். கப்பிக்குள் வேறு இடம் வந்து உட்காரும். பாதிக் காலம் போனதும் கயிற்றையே தலைமாற்றிப் போடுவார். நடுவில் நைந்த படுக்கை விரிப்பைக் கிழித்து, ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து உம்மா தைப்பாரே, அதே கணக்குத்தான்.

அப்போது எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் தும்புக் கயிறுகள். உம்மாவின் தாய்வீட்டில் பொச்சுமட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்து, கயிறு திரித்தவர்கள். கயிறு ஆண்களின் விஷயம் என்று யாரும் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா கரையிறங்கிய இடம் எங்கள் புத்தளம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். மாலைதீவில் பெண்கள் தும்பு திரித்ததையும், அந்தக் கயிற்றால் இந்தியாவிலும் யெமனிலும் கப்பல்களைத் தைத்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

தும்புக்கு உப்புத் தண்ணீர் பகையில்லை. மழைத் தண்ணீரில் நனைந்து, காயாமல் சுருட்டி வைத்தால்தான் உள்ளுக்குள் உக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, முறுக்குக்கு எதிராகத் திருகிப் புரிகளைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே தும்பு பொன்னிறமாக இருந்தால் உயிர் உண்டு. கறுத்துத் தூளாகக் கொட்டினால் மையித்துத்தான்.

இந்தப் பார்க்கும் வேலை என்னுடையது. 1979, எனக்குப் பதின்மூன்று வயது. முதல்நாள் பெய்த மழையில் நனைந்திருந்த ஆஞ்சானைக் காய விடாமல் சுருட்டி மூலையில் போட்டவளும் நான்தான். அடுத்த வீட்டில் கலியாணம், மருதோன்றி போடப் போகிற அவசரம். பல நாள் கழித்து வாப்பா கேட்டபோது இரண்டு நுனியையும் மட்டும் பார்த்துவிட்டு, "பாத்தன் வாப்பா, நல்லாத்தான் இரிக்கு" என்றேன்.

மறுநாள் நடுக்களப்பில் காற்று ஓங்கியபோது ஆஞ்சான் கப்பியடியில் அறுந்தது. பருமல் பாயோடு காக்காவின் தோளில் விழுந்தது. வாப்பா கம்பு ஊன்றி வள்ளத்தைக் கரை சேர்க்கும்போது மஃரிப் ஆகிவிட்டது. காக்காவின் காறை எலும்பு முறிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தலை.

வாப்பா ஏசவில்லை. அறுந்த துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, புரிகளைத் திருகித் திறந்தார். பாயில் கறுப்புத் தூள் கொட்டியது. அவர் எழும்பிப் போய்விட்டார். அடி வாங்கியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

அன்றிரவு உம்மா குப்பிலாம்பு வெளிச்சத்தில் அந்தக் கயிற்றை எடுத்தார். உக்கிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் புரி பிரித்து, இரு கைவிரல்களையும் கோப்பதுபோல எதிரெதிராகக் கோத்தார். பிறகு ஒவ்வொரு புரியையும் ஒன்றுக்கு மேலால், அடுத்ததற்குக் கீழால் நுழைத்து இறுக்கினார். கூரிய மரக்குச்சி ஒன்றுதான் ஆயுதம். பாதியில் கயிற்றை என் கையில் தந்தார். "இனிக் கப்பல் கயிறாகுமா?" என்று கேட்டேன். "ஆகாது. ஒட்டுப் போட்ட இடம் தடிக்கும், கப்பிக்குள்ள இறுகும். நங்கூரத்துக்கு வெச்சுக்கலாம்." ஆஞ்சானுக்குப் புதுக்கயிறு வாங்கப் புத்தளத்துக்குப் போனார்கள். அதற்காக உம்மாவின் ஒரு சோடிக் காதணி அடகுக்குப் போனது. அதை மீட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது காக்காவின் மகனிடம் இருப்பது இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகு. பாயுமில்லை, பருமலுமில்லை. ஆனால் நங்கூரக் கயிறும் கட்டுக்கயிறும் உண்டு. நைலோனுக்கும் பிளாஸ்டிக் கயிறுகளுக்கும் ஈரம் பகையில்லை, வெயில்தான் பகை. என் வீட்டு முற்றத்து நீலக் கொடிக்கயிறே அதற்குச் சாட்சி, தொட்டால் கையில் தூள் ஒட்டுகிறது. ஒட்டுப் போடுவதும் வேறு மாதிரி. தும்புக்கு மூன்று தரம் கோத்தால் பிடித்துக்கொள்ளும். வழுக்குகிற நைலோனுக்கு ஐந்து தரமாவது வேண்டும். மருமகனுக்கு இதைக் காட்டிக் கொடுத்தது மாமியாகிய நான்தான்.

நான் நுனியை மட்டும் பார்த்த கதையை முப்பது வருடம் கழித்துத்தான் காக்காவிடம் சொன்னேன். "அண்டைக்கே தெரியும்" என்றார். வலது கையை இன்றும் அவரால் முழுக்கத் தூக்க முடியாது.

போன பெருநாளுக்கு அவர் வீட்டில் சமையல் என் பொறுப்பு. சோறு அவிஞ்சிட்டுதா என்று குசினி வாசலில் நின்று கேட்டார். ஓம் என்றேன்.

"பாத்தியா?" என்றார், சிரிக்காமல்.

அகப்பையை எடுத்து, சட்டியின் அடிவரை விட்டுக் கிளறிப் பார்த்தேன்.