இழந்ததைத் திருப்பித் தரும் தலங்கள்

திருப்பூரில் மகன் வீட்டுக்கு வரும் பெற்றோருக்குப் பகல்பொழுது மிக நீளமானது. காலை எட்டரை மணிக்குள் மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். பேரப்பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறிவிடுகின்றனர். அண்டை வீடுகளிலும் பூட்டுத் தொங்குகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளானால் பிள்ளைகள் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். ஞாயிறு ஒன்றே ஓய்வு. அதுவும் துணி துவைக்கவும் காய்கறி வாங்கவும் சரியாகப் போய்விடுகிறது. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் இதுவே நடைமுறை. காசிக்கும் கயைக்கும் போக வேண்டும் என்ற ஆசை பெரியவர்களின் நெஞ்சில் இருக்கும். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபின் அந்த ஆசையை வாய்விட்டுச் சொல்லவும் தயங்குகின்றனர்.

அப்படித் தயங்கி அமர்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படியாக, இரண்டு பகல்களில் தரிசித்து வரத்தக்க அரிய திருத்தலங்கள் திருப்பூரைச் சுற்றியே அமைந்துள்ளன. செலவும் பெரிதன்று. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிர்க்குக் கட்டணம் இல்லை; ஆடவருக்கும் ஒரு நாளைய பேருந்துச் செலவு சிறு தொகையே. அறநிலையத் துறையின் அன்னதானத் திட்டம் நடைபெறும் கோயிலில் உச்சிக்கால பூஜைக்குப்பின் இலையில் அமர்ந்தால் மதிய உணவும் பிரசாதமாகவே கிடைத்துவிடும். அர்ச்சனைத் தட்டும் வழியில் அருந்தும் தேநீருமே மிஞ்சிய செலவு.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். பாண்டவர்கள் விராடனின் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த காலத்தில் கௌரவர்கள் கவர்ந்து சென்ற ஆநிரையை அருச்சுனன் மீட்டுத் திருப்பிய இடமாதலின் இது திருப்பூர் ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. சொல்லாராய்ச்சியாளர் இதை ஏற்பரோ மாட்டாரோ, இவ்வட்டாரத்துத் தலபுராணங்களை அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தமாகத் தோன்றும். இழந்த பொருளும் இழந்த பிள்ளையும் திரும்பக் கிடைத்த கதைகளே இங்கு ஊருக்கு ஊர் காத்திருக்கின்றன.

நகரின் உள்ளே விஸ்வேஸ்வர சுவாமியும் வீரராகவப் பெருமாளும் அருகருகே கோயில் கொண்டுள்ளனர். வைகாசி விசாகத்தையொட்டி இரு கோயில்களுக்கும் தேரோட்டம் நடைபெறும். காலையில் இங்கே ஈசனையும் பெருமாளையும் வணங்கிவிட்டு, அவிநாசி செல்லும் நகரப் பேருந்தில் ஏறுவது நன்று. கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு தலங்களில் இரண்டு அந்த ஒரே சாலையில் உள்ளன. மற்றொரு பொருத்தமும் உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வாழ்வில் எந்தத் தலத்து அற்புதம் முன்னே நிகழ்ந்ததோ அந்தத் தலமே வழியிலும் முன்னே வருகிறது.

சுமார் எட்டுக் கிலோமீட்டர் சென்றதும் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் நாயனாரிடம் விடைபெற்று, அவர் அளித்த பொன்னும் மணியும் பட்டும் ஆட்கள் சுமந்துவர, சுந்தரர் இவ்வழியே ஆரூர் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். சிவகணங்கள் இறைவன் ஆணைப்படி வேடுவர் வடிவில் வந்து அனைத்தையும் பறித்துக்கொண்டன. தோழர் சும்மா இருப்பாரா? கோயிலுக்குள் சென்று, இத்தகைய வழிப்பறி நடக்கும் ஊரில் எம்பெருமானே நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று உரிமையோடு கேட்டுப் பதிகம் பாடினார். பறிபோன செல்வமெல்லாம் கோயில் வாயிலில் வந்து குவிந்தது. தன் தோழனுக்குப் பொருள் தரும் உரிமை தனக்கே உண்டென்று காட்டவே இறைவன் இத்திருவிளையாடலை நிகழ்த்தினான் என்பர் பெரியோர். வேண்டுதல் என்றால் அழுதுகொண்டேதான் கேட்க வேண்டும் என்பதில்லை. சண்டையிட்டும் கேட்கலாம் என்பதற்கு இப்பதிகம் சான்று.

சூரபதுமனை வதைத்த பழி நீங்க முருகப்பெருமான் சிவலிங்கத்தை வழிபட்ட தலமும் இதுவே. சுவாமிக்கு முருகநாத சுவாமி என்பது திருநாமம். மனநலம் குன்றியோரை அழைத்து வந்து இங்குள்ள தீர்த்தங்களில் நீராட்டி, ஒரு மண்டலம் தங்கி வழிபடுதல் நெடுங்கால வழக்கம். அப்படி வருவோர் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாமல் வழிபடுவதே முறை; தெய்வம் மருந்துக்குப் பகையன்று. கோயிலைவிட்டு வெளியே வந்தால் கல்லுளியின் ஓசை கேட்கும். சிலை வடிக்கும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. பாதி முகம் மட்டும் வெளிப்பட்ட விநாயகரும் இன்னும் கண் திறக்கப்படாத அம்மனும் சாலையோரத்தில் காத்து நிற்பதைச் சற்று நேரம் நின்று காணலாம்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் அவிநாசி. திருப்புக்கொளியூர் என்பது இதன் பழம்பெயர். விநாசம் என்றால் அழிவு. அழிவில்லாதவன் உறையும் இடம் அவிநாசி. இத்தலத்தைக் காசிக்கு இணையாகக் கொண்டாடுவது கொங்கு நாட்டு மரபு; கோயிலில் காசிக் கிணறு என்ற தீர்த்தமும் உண்டு. காசிப் பயணம் கைகூடாத பெரியவர்கள் இங்கே ஆறுதல் கொள்வதற்கு இதுவே போதும். அவிநாசிலிங்கேசுவரருக்கு வலப்புறத்தில் கருணாம்பிகை அம்மன் சந்நிதி கொண்டிருக்கிறாள். சித்திரைத் திருவிழாவில் ஓடும் தேர் தமிழகத்தின் மிகப்பெரிய தேர்களுள் ஒன்று. ஆனால் தேர்நாளில் நெரிசல் மிகுதி. முழங்கால் வலி உள்ளவர்கள் வாரநாள் ஒன்றில் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. நண்பகலில் நடை சாத்திவிடுவர் என்பதையும் மறக்கலாகாது.

இத்தலத்தின் அற்புதம் அனைவரும் அறிந்ததே. எனினும் சேக்கிழார் அதைச் சொல்லிய முறையில் முதியோர் நின்று கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இரண்டாம் முறையாகச் சேரமானைக் காணச் சென்ற சுந்தரர், இவ்வூர் மறையவர் வீதியில் ஒரு வீட்டில் மங்கல ஒலியும் அதன் எதிர்வீட்டில் அழுகை ஒலியும் எழுவதைக் கேட்டார். காரணம் வினவினார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் ஒன்றாக நீராடச் சென்றனராம். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். தம் மகனும் இருந்திருந்தால் இன்று அவனுக்கும் இந்நாள் வந்திருக்குமே என்று எதிர்வீட்டார் அழுகின்றனர்.

சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அந்தத் தாயும் தந்தையும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, முகமலர்ச்சியோடு வந்து அவரடி வணங்கினர். மகனை இழந்தவர் நீங்கள்தாமா என்று அவர் கேட்கவேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் துயரை மறைத்திருந்தனர். அது முன்னே நடந்து முடிந்த செய்தி, தேவரீர் எழுந்தருளியதைக் காணும் பேறே எங்களுக்குப் பெரிது என்பது அவர்கள் கூறிய விடையின் கருத்து. பிள்ளையைத் திருப்பித் தா என்று அவர்கள் கேட்கவே இல்லை. கேட்காதவர்க்காகச் சுந்தரர் கேட்டார். பதிகத்தின் நான்காம் பாடலில், முதலையிடம் பிள்ளையைத் தருமாறு காலனுக்குச் சொல் என இறைவனை வேண்டினார். வறண்டு கிடந்த மடுவில் நீர் பெருகியது. முதலை வந்து, இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு சிறுவனைக் கரையில் உமிழ்ந்தது. அவனுக்கும் அங்கேயே பூணூல் கல்யாணம் நடத்திவைத்தபின்பே சுந்தரர் தம் வழியைத் தொடர்ந்தார்.

பிள்ளைகளின் முன் முழங்கால் வலியையும் தனிமையையும் மறைத்துச் சிரித்த முகத்தோடு கதவைத் திறக்கும் பெற்றோர்க்கு அந்தத் தம்பதியைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் தேவையில்லை. முதலைவாய்ப் பிள்ளையை அழைத்த வரலாறு நிகழ்ந்த தாமரைக்குளக் கரைக்கும் சென்று வணங்கிவருவது வழக்கம்.

இரண்டாம் நாள் பயணம் ஊத்துக்குளிச் சாலையில். திருப்பூரிலிருந்து பேருந்திலோ ஈரோடு செல்லும் பாசஞ்சர் ரயிலிலோ காலையில் முதலில் ஊத்துக்குளிக்கே சென்றுவிடலாம். தாகத்தால் வாடிய அகத்தியருக்காக முருகன் வேலால் ஊற்றெடுக்கச் செய்த இடம் ஊற்றுக்குளி என்றாகி, பேச்சில் ஊத்துக்குளி ஆயிற்று என்பர். கதித்தமலை என்னும் குன்றின்மேல் வெற்றிவேலாயுத சுவாமி எழுந்தருளியுள்ளார். ஏற இயலாதவர் அடிவாரத்தில் நின்று கைகூப்பினாலும் குறைவில்லை. ஊத்துக்குளி வெண்ணெயின் புகழைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டுத் திருவிளக்குக்கு நெய்யும் பேரப்பிள்ளைகளுக்கு வெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

திரும்பும் வழியில் சர்க்கார் பெரியபாளையம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சுக்ரீஸ்வரர் கோயில் இங்கே உள்ளது. சுக்ரீவன் வழிபட்ட தலமாதலின் பழங்காலத்தில் குரக்குத்தளி எனப் பெயர் பெற்றது. கூட்டம் இராது, கற்றளியின் நிழலில் அமைதியாக அமர்ந்திருக்கலாம். நடை திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகன் ஒருவன், கேட்டவர் இறைவன் என அறியாமல், இவை பச்சைப்பயறு மூட்டைகள் என்று பொய்யுரைத்தானாம். மூட்டைகள் அவ்வாறே பயறாகிவிட்டன. அழுது வணங்கியபின் மீண்டும் மிளகாயின. அதனால் சுவாமிக்கு மிளகேஸ்வரர் என்ற பெயரும் உண்டு. சேரநாட்டுக்கும் கீழ்த்திசைக்கும் இடையே வணிகர் சென்ற பெருவழி இப்பகுதியில் இருந்ததை எண்ணினால், இக்கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்பதும் விளங்கும்.

இக்கோயிலில் நந்திகள் இரண்டு. அருகிலிருந்த வயல்களில் ஒரு காளை நாள்தோறும் பயிரை மேய்ந்துவந்தது. சினந்த உழவன் அதன் காதையும் கொம்பையும் அறுத்துவிட்டான். மறுநாள் கோயிலுக்கு வந்து பார்த்தால், கல்நந்தியின் காதிலிருந்து குருதி வழிகிறது. ஊனமுற்ற நந்தி கோயிலில் இருக்கலாகாதென்று அதை அகற்றிவிட்டுப் புதிய நந்தி ஒன்றை நிறுவினர். பொழுது விடிந்ததும் பழைய நந்தி புதிய நந்திக்கு முன்னே வந்து அமர்ந்திருந்தது. உறுப்புக் குறைந்தாலும் அதுவும் ஓர் உயிரே, அது முன்னே இருக்கட்டும் என்பது இறைவன் திருவுள்ளம் எனத் தலவரலாறு கூறுகிறது. கண் மங்கியும் செவி மந்தமாகியும் இக்கோயிலுக்கு வரும் பெரியவர்கள் அந்த நந்தியின் முன் சற்று அதிக நேரம் நிற்பது இயல்புதானே.

இத்தனை திரும்பக் கிடைத்த பூமியில், திரும்பிவரத் தாமதிக்கும் ஒன்றும் உண்டு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் நொய்யலாறு, பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி என்று போற்றிய புனித நதி. பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயக்கழிவு அதில் கலந்தது. பாசனத்துக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீரே தேங்கியது. உழவர்களின் நெடிய வழக்குக்குப்பின் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. துளிக் கழிவும் வெளியேறாமல் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின்பே ஆலைகள் இயங்க வழி பிறந்தது. ஆறு இன்னும் முழுதாகத் தேறிவிடவில்லை. நகரின் சாக்கடை நீர் அதில் விழுவதைப் பாலத்தின்மேல் பேருந்தில் செல்வோரே காணலாம். தம் பிள்ளைகளுக்குச் சோறிடும் தொழில்தான் இந்நதியையும் வருத்தியது என்னும் நினைவு மனத்தில் உறுத்தாமல் போகாது.

ஆயினும் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. சுக்ரீஸ்வரரைத் தரிசித்தபின் மாலை வெயில் தணியும் நேரத்தில் இதன் கரைக்கு வரலாம். குளிர்கால மாதங்களில் வந்தால் வரித்தலை வாத்துகள் நீரில் மிதப்பதைக் காணும் பேறும் கிட்டக்கூடும். தலையில் இரண்டு கரும்பட்டைகள் கொண்ட இப்பறவைகள் திபெத்தியப் பீடபூமியின் ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வருபவை. கயிலாயமலை நிற்பதும் அந்தப் பீடபூமியில்தான். அவிநாசியில் பிள்ளையை மீட்டளித்துச் சேரநாடு சென்ற சுந்தரர், அங்கிருந்துதான் வெள்ளை யானைமீதேறி அக்கயிலைக்கு எழுந்தருளினார்.

கரையில் நெடுநேரம் நிற்கத் தோன்றும். இருட்டுவதற்குள் திருப்பூர்ப் பேருந்தைப் பிடித்துவிட்டால், கம்பெனியிலிருந்து பிள்ளைகள் திரும்பும் முன் ஊத்துக்குளி நெய்யிட்டு வீட்டில் விளக்கேற்றிவிடலாம்.