அந்த ஒரு நாழிகை

சென்னையிலிருந்து திருச்சிக்கு மோட்டாரில் பிரயாணம் செய்பவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்பது ஒரு கோப்பைக் காப்பியும், சேலம் சாலை பிரியும் இடமும்தான். ஊருக்குள் இறங்கி நாலு நாள் தங்கியவர்களுக்கோ அது வேறு ஊர். கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் கிராமங்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. வானத்தையும் கடனையும் மாறி மாறிப் பார்த்து ஜீவனம் நடத்தும் குடும்பங்கள், பிள்ளையாவது படித்து உத்தியோகம் பார்க்க வேண்டுமென்று ஏங்குகின்றன. அந்த ஏக்கத்தின் பாரம் முழுதும் பதினைந்து பதினாறு வயதுத் தோள்களில் இறங்குகிறது.

அங்கே விவசாயியான நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பரீட்சை முடிவு வெளியாகும் காலம். வாழ வேண்டிய வயதில் உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சுத் திரும்பியது.

"அன்றைக்கு ஊரே மார்க்கு எவ்வளவு என்று கேட்கும் ஐயா! சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்றார் நண்பர்.

இந்த வார்த்தையை நாம் மறக்க முடியவில்லை.

"சாகத் துணிந்தவனை யார் தடுப்பது? எல்லாம் தலைவிதி" என்று நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறோம். இதைப் போன்ற தவறான எண்ணம் வேறில்லை. இளம் உள்ளத்தில் எழும் அந்த வேகம் அநேக சந்தர்ப்பங்களில் சில நாழிகைக்குள் தணிந்துவிடுகிறது என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த நாழிகையைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வாழவே விரும்புகிறார்கள். ஆகவே ஊரார் செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான்: அந்த நாழிகையைக் கடத்திவிடுவது.

எப்படிக் கடத்துவது? அண்டை ஜில்லாவான கடலூரிலேயே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். 1986-ல் சென்னையில் 'ஸ்நேகா' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய சகாக்களும், காட்டுமன்னார்கோயில் பகுதியில், மலர் சாகுபடி செய்யும் கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். வீட்டு மூலையில் கிடந்த பூச்சிமருந்தை ஊர்ப் பொதுக் கட்டிடம் ஒன்றில் வைத்துப் பூட்டுவதே திட்டம். குடும்பத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பூட்டு. வயலுக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஜனங்கள் இதை மனமுவந்து ஏற்றார்கள் என்றும், நல்ல பலன் தெரிந்தது என்றும் 2013-ல் வெளியிட்டார்கள். சிறு முயற்சிதான், ஆனால் ஆழ்ந்த யோசனை.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இதே காரியத்தைச் சர்க்கார் பெரிய அளவில் செய்தது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-ல் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் அடுத்த 20 வருஷங்களில் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. விதி அங்கே மாத்திரம் மனம் மாறிவிட்டதா, என்ன?

பூட்டு மட்டும் போதாது. வழியும் திறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பரீட்சையில் தவறியவர்கள் ஒரு வருஷம் வீணாகாமல், அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். இதை முடிவு வந்த பிறகு சொல்வதைவிட, வருமுன்னரே வீட்டில் சொல்லி வைப்பது மேல்.

பிள்ளை சோர்ந்திருந்தால், "சாகலாமென்று தோன்றுகிறதா, அப்பா?" என்று அன்போடு நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்பது வீண் பயம். கேட்பதனால் பாரம் குறைகிறது. போலீஸுக்கும் அஞ்சவேண்டியதில்லை. உயிரை விட முயன்றவர் கடும் மன வேதனையில் இருந்தவர் என்றே கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழிலேயே ஆறுதலும் ஆலோசனையும் கிடைக்கின்றன.

பாடசாலை வாத்தியார், பக்கத்து வீட்டு அத்தை, டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் — இவர்களில் ஒருவர் கண்ணிலாவது வாடிய முகம் படாமற் போகாது. கண்டவர் உடனே அருகில் உட்காரவேண்டும், தனியே விடலாகாது. புத்திமதி மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். முதலில் ஒரு தட்டுச் சோறு. பிறகு பொறுமையாகக் கேட்க இரண்டு காதுகள். நாடு இளைஞர்களை நம்பியிருக்கிறதென்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த இளைஞர்கள் நம்மை நம்பலாமா என்பதற்கு நாம் பதில் சொல்லவேண்டிய இடம் மேடையல்ல, திண்ணை.